சீரகம் விதையா, பழமா? நாட்டு மருந்துக் கடைப் பழங்கள்: ஒரு பாடம்



போன வாரம் ஒரு அம்மா கேட்டிருந்தாங்க: "ஐயா, கடுக்காயை அப்படியே இடிச்சு மிக்ஸியில அரைச்சுட்டேன். கொட்டையும் சேர்ந்துடுச்சு. சாப்பிடலாமா?" வேண்டாம்மா என்று அன்றைக்கே பதில் போட்டுவிட்டேன். ஆனால் "ஏன் வேண்டாம்?" என்று இன்னும் நாலு பேர் கேட்டார்கள். அதற்கு ஒரு வரி போதாது. பள்ளிக்கூடத்தில் பல வருஷம் தாவரவியல் சொல்லிக் கொடுத்தவன் என்பதால், பாடமாகவே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். பொறுமையா படிங்க.

மனசில் வைக்க வேண்டியது ஒன்றுதான். பழம் மருந்தாகும்போது மரத்தின் பெயர் மட்டும் தெரிந்தால் போதாது. அந்தப் பழத்தின் *எந்தப் பகுதி*, *எந்தப் பருவம்* என்ற இரண்டும் தெரிய வேண்டும்.

*1. முதலில், பழம் என்றால் எது?*

பூவின் நடுவில் சூலகம் இருக்கும். மகரந்தம் சேர்ந்தபின் சூலகம் வளர்ந்து பழமாகிறது. அதற்குள் இருக்கும் சூல் விதையாகிறது. இனிப்பாக, சாறாக இருந்தால்தான் பழம் என்பது நம் நாக்கு சொல்லும் கணக்கு. தாவரவியல் கணக்கில் காய்ந்த பழமும் பழம்தான்.

அப்படிப் பார்த்தால் சீரகம், சோம்பு, கொத்தமல்லி, ஓமம் நான்குமே முழுப் பழங்கள். விதை அவற்றுக்குள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறது. சந்தேகம் இருந்தால் ஒரு கொத்தமல்லியை எடுத்து விரலுக்கு நடுவில் அழுத்திப் பாருங்க. சரியாக இரண்டு பாதியாகப் பிரியும். ஒவ்வொரு பாதிக்குள்ளும் ஒரு விதை. நான்கும் ஒரே குடும்பம், குடை மாதிரி பூக்கிற செடிகள்.

இதைத் தெரிந்து என்ன லாபம்? வாசனை எண்ணெய் இருக்கும் இடம் தெரியும். அது இந்தப் பழங்களின் மேல்தோலுக்குள் மெல்லிய குழாய்களில் இருக்கிறது. சோம்பில் ஒவ்வொரு பாதியிலும் இப்படி ஆறு குழாய் உண்டு. சோம்பின் இனிய மணத்துக்குக் காரணம் அனெத்தோல். ஓமத்தின் காரத்துக்குக் காரணம் தைமால். வயிற்று உப்புசத்துக்கு உதவுவதும் இந்த எண்ணெய்தான். கருகக் கருக வறுத்தால் அது காற்றோடு போய்விடும். பொடித்து மாதக்கணக்கில் வைத்தாலும் அதே கதைதான். ஆகவே முழுசாக வாங்கி, வேண்டும்போது இலேசாக வறுத்து இடிப்பதே சரி.

*2. திரிபலா: மூன்றிலும் சதைதான் மருந்து*

கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய். கடுக்காயும் தான்றியும் நெருங்கிய உறவு, மருத மரத்தின் குடும்பம். நெல்லி வேறு குடும்பம். மஞ்சள்காமாலைக்குச் சொல்லப்படும் கீழாநெல்லிச் செடியும் இந்தப் பெரிய நெல்லி மரமும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. இலைக்கு அடியில் வரிசையாகக் காய்க்கும் அந்தக் குட்டிக் காயைப் பார்த்தால் சாயல் தெரியும்.

மூன்றும் மாங்காய் மாதிரி அமைப்புதான். வெளியே தோல், நடுவில் சதை, உள்ளே கெட்டியான ஓடு, ஓட்டுக்குள் பருப்பு. துவர்ப்புச் சத்து நிறைந்திருப்பது சதையில். கடுக்காயின் துவர்ப்பு எவ்வளவு பலமானது என்றால், தோல் பதனிடவும் அதைப் பயன்படுத்துகிறார்கள். கலம்காரித் துணியில் சாயம் பிடிக்கவும் முதலில் கடுக்காய்ச் சாற்றில்தான் துணியை நனைப்பார்கள்.

கடுக்காய்க்கு உள்ளே நஞ்சு, இஞ்சிக்கு வெளியே நஞ்சு என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். கொட்டையைத் தின்றால் உடனே ஆபத்து என்பது இதன் பொருள் அல்ல. மருந்துக்கு ஆகாத பகுதி, நீக்கு என்பதுதான் பொருள். கடுக்காயை உடைத்துக் கொட்டையை எடுத்த பிறகு மீதி இருக்கும் சதையை மட்டும் இடிக்க வேண்டும். தான்றியில் இன்னும் கவனம் தேவை. அதன் பருப்பு மயக்கம் தரக்கூடியது என்று பழைய மருத்துவ நூல்களே எச்சரிக்கின்றன. குழந்தைகள் கையில் கிடைக்காமல் அன்றைக்கே குப்பையில் போட்டுவிடுங்க.

"அப்போ பிஞ்சுக் கடுக்காயை மட்டும் முழுசா அரைக்கிறாங்களே?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. பிஞ்சில் கொட்டை இன்னும் உருவாகவே இல்லை. நீக்குவதற்கு உள்ளே ஒன்றும் கிடையாது. பருவம் மாறினால் முறையும் மாறும் என்பதற்கு இதுவே முதல் உதாரணம்.

கடையில் அடையாளம் பார்க்க: கடுக்காயில் நீளவாக்கில் ஐந்து வரிகள் எழும்பித் தெரியும். கையில் கனமாக இருக்கணும். தண்ணீரில் போட்டால் நல்லது மூழ்கும், பூச்சி அரித்தது மிதக்கும். தான்றி ஏறக்குறைய உருண்டையாக, மேலே சாம்பல் நிறப் பூம்பட்டு போல இருக்கும். நெல்லியை வற்றலாக, நெல்லிமுள்ளி என்ற பெயரில் விற்பார்கள். நெல்லியின் வைட்டமின் சி ஆரஞ்சைவிடப் பல மடங்கு அதிகம். அதியமான் ஔவைக்குக் கொடுத்த கனி என்று நாம் கொண்டாடுவது சும்மா இல்லை. ஆனால் காயக் காய அந்த வைட்டமின் குறையும். அதனால் பச்சை நெல்லி கிடைக்கும் காலத்தில் பச்சையாகவே சாப்பிடுங்க.

*3. வில்வம்: ஒரே பழம், இரண்டு எதிர் வேலை*

வில்வ இலையை எல்லோருக்கும் தெரியும். பழத்தைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் குறைவு. மரம் எலுமிச்சைக் குடும்பம். பழத்தின் ஓடு மரக்கட்டை போல இருக்கும்.

காயாகவோ அரைப்பழமாகவோ இருக்கும்போது வில்லையாக நறுக்கிக் காயவைத்தால் அது வயிற்றுப்போக்குக்கும் சீதபேதிக்கும் தரும் மருந்து. துவர்ப்பு அதிகம், குடலைக் கட்டும். அதுவே மரத்தில் நன்றாகப் பழுத்தால் மணமும் இனிப்பும் குழகுழப்பும் கூடும். சர்பத் செய்து குடித்தால் மலத்தை இளக்கும். மரம் ஒன்று, பழம் ஒன்று, வேலை நேர் எதிர். "வில்வப்பழம் வயிற்றுக்கு நல்லது" என்று மொட்டையாக ஒரு செய்தி வந்தால், எந்த வில்வம், காயா பழமா என்று திருப்பிக் கேளுங்க.

*4. மிளகும் திப்பிலியும்*

சஷ்டிக்கு மிளகு விரதம் இருக்கிறவர்கள் நம்மில் உண்டு. அவர்கள் வாயில் போடுவதும் பழம்தான். பச்சையாகப் பறித்து வெயிலில் காயவைத்தால் தோல் சுருங்கிக் கறுத்து மிளகாகிறது. பழுத்ததைப் பறித்து, ஊறவைத்துத் தோலை உரித்தால் வெள்ளை மிளகு. திப்பிலி அதே குடும்பம். அது ஒரு தனிப் பழம் கிடையாது. பல குட்டிப் பழங்கள் ஒரு காம்பைச் சுற்றி நெருக்கமாக ஒட்டி வளர்ந்த ஒரு கதிர். பூதக்கண்ணாடி இருந்தால் பிள்ளைகளுக்குக் காட்டுங்க, ரசிப்பார்கள். திரிகடுகத்தில் இவை இரண்டும் பழம், சுக்கு மட்டும் தரையடித் தண்டு.

இரண்டிலும் உள்ள காரச்சத்து பைப்பரின். மஞ்சளோடு மிளகு சேர்த்தால் மஞ்சளின் சத்தை உடம்பு நன்றாக ஏற்றுக்கொள்ளும் என்பார்களே, அந்த வேலையைச் செய்வது இதுதான். இதற்கு மறுபக்கமும் உண்டு. சில ஆங்கில மருந்துகளையும் அது இரத்தத்தில் அதிகமாக ஏற்றிவிடும். வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயின் மாத்திரையில் இது பார்க்கப்பட்டிருக்கிறது. ரசத்தில் போடும் மிளகுக்குப் பயப்பட வேண்டாம். தினமும் ஸ்பூன் கணக்கில் திரிகடுகம் எடுக்கிறவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிடணும்.

*5. நிலாவாரைக் காய்: உலகம் அறிந்த திருநெல்வேலி*

வெளிநாட்டு மருந்து நூல்களில் நம்ம ஊர் பெயர் இருக்கிறது தெரியுமா? மலச்சிக்கலுக்கான நிலாவாரையை அந்த நூல்கள் திருநெல்வேலி சென்னா என்றே குறித்தன. இலையும் காயும் இரண்டுமே மருந்து. காய் தட்டையாக, காகிதம் போல மெல்லிசாக இருக்கும்.

இதன் சத்து பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள நுண்ணுயிர்கள் அதை மாற்றிய பிறகுதான் வேலை செய்யும். அதற்கு எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். இரவில் சாப்பிடச் சொல்வதன் காரணம் அதுதான். உடனே வேலை செய்யவில்லையே என்று இன்னொரு ஸ்பூன் போட்டுவிடாதீங்க, மறுநாள் அவஸ்தை. மாதக்கணக்கில் தினமும் எடுத்தால் உடம்பில் தண்ணீரும் பொட்டாசியமும் குறையும். "குடல் சுத்தம்", "உடல் இளைக்க" என்று விற்கும் பல பொடிகளில் இது கலந்திருக்கும். பாக்கெட்டின் பின்பக்கம் படிக்காமல் வாங்காதீங்க.

*6. அன்னாசிப்பூ: பூ இல்லை, பழம்*

பிரியாணியில் போடும் நட்சத்திர வடிவ அன்னாசிப்பூ ஒரு காய்ந்த பழம். வழக்கமாக எட்டுப் படகுகள் வட்டமாகச் சேர்ந்த அமைப்பு. ஒவ்வொரு படகிலும் பளபளப்பான ஒரு விதை.

இதை ஏன் தனியாகச் சொல்றேன் என்றால், ஜப்பானில் இதே சாயலில் இன்னொரு இனம் உண்டு. அது நரம்பைத் தாக்கும் விஷம். காய்ந்தபின் இரண்டையும் கண்ணால் பிரிப்பது கஷ்டம். அன்னாசிப்பூத் தேநீர் கொடுத்த கைக்குழந்தைகளுக்கு வலிப்பு வந்ததால், 2003இல் அமெரிக்க அரசின் உணவு மருந்துத் துறை எச்சரிக்கை வெளியிட்டது. குழந்தையின் வயிற்றுவலிக்கு அன்னாசிப்பூக் கஷாயம் என்று செய்தி வந்தால், தயவுசெய்து அதோடு நிறுத்திடுங்க. அடுத்தவருக்கு அனுப்ப வேண்டாம்.

*7. நாவல்: கொட்டையும் மாத்திரையும்*

சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா என்று முருகன் ஔவையைக் கேட்ட நாவல் நமக்கு நெருக்கமான மரம். இங்கே கணக்கு தலைகீழ். கடுக்காயில் தள்ளுகிற கொட்டை, நாவலில் மருந்து. சதையைச் சாப்பிட்டுவிட்டு, கொட்டையைக் கழுவிக் காயவைத்துப் பொடிப்பார்கள். சர்க்கரை நோய்க்கு மரபாகத் தரப்படுவது இந்தப் பொடி.

எலிகளில் நடந்த சோதனைகளில் சர்க்கரை குறைந்திருக்கிறது. மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் சின்னவை, முடிவும் ஒரே மாதிரி இல்லை. துணையாக எடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். மாத்திரைக்கோ இன்சுலினுக்கோ பதிலாக எடுக்கவே கூடாது.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர். "நாவல் கொட்டை இருக்க மாத்திரை எதற்கு" என்று ஒரு செய்தி வந்தது, நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டார். சில மாதத்தில் காலில் ஆறாத புண். ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுத்தார்கள். நாவல் அவருக்குக் கெடுதல் செய்யவில்லை. மாத்திரை நின்றதுதான் செய்தது. அந்தச் செய்தியை அவருக்கு அனுப்பியவரும் நல்ல எண்ணத்தில்தான் அனுப்பியிருப்பார்.

*8. வாங்கும்போதும் வைக்கும்போதும்*

• முடிந்தவரை முழுக் காயாக வாங்குங்க. பொடியில் என்ன கலந்திருக்கிறது என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது.

• உடைத்து, வேண்டாத பகுதியை நீக்கி, நன்றாகக் காயவைத்து, இடித்துத் துணியில் சலியுங்க. ஈரம் இருந்தால் பூஞ்சை வரும். பூஞ்சை வாடை வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்க.

• சூரணத்தின் ஆயுள் மூன்று மாதம் என்பது சித்த மருத்துவக் கணக்கு. காற்றுப் புகாத பாட்டிலில், தேதி எழுதி ஒட்டி வையுங்க.

• தயாரித்த மருந்து வாங்கினால் உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி மூன்றும் இருக்கிறதா பாருங்க.

• கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், கைக்குழந்தைகள், சிறுநீரகம் அல்லது ஈரல் நோய் உள்ளவர்கள், இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் யாரும் தானாக எதையும் ஆரம்பிக்கக் கூடாது.

• கேட்க ஆள் இல்லை என்று நினைக்க வேண்டாம். பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. பல அரசு மருத்துவமனைகளில் சித்தா பிரிவும் உண்டு. சாப்பிடும் மாத்திரைச் சீட்டையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்க.

இனி ஏதாவது பழ மருந்துச் செய்தி கைபேசிக்கு வந்தால் மூன்று கேள்வி கேளுங்க. எந்தப் பகுதி? எந்தப் பருவம்? யாருக்கு ஆகாது? மூன்றுக்கும் பதில் இருந்தால் மற்றவர்களுக்கு அனுப்புங்க. ஒன்றுக்குப் பதில் இல்லை என்றாலும் அங்கேயே நிறுத்திவிடுங்க.

அடுத்த பாடம் வேர்கள் பற்றி. சந்தேகம் இருந்தால் கேளுங்க, தெரிந்ததைச் சொல்றேன்.

எல்லோரும் நலமாக இருக்க வேலவன் துணை.