அணுவிரதமும் அயல்நாட்டுப் பறவைகளும்

இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்கள் ஐந்தனுள் முதலாவது கொல்லாமை. அதனை மாசுபடுத்தும் அதிசாரங்களும் ஐந்தென்று தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் கூறுகிறது. கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பினைச் சிதைத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உண்டியும் நீரும் மறுத்தல் என்பன அவை. இவற்றைக் கற்பிக்கும்போது வண்டிமாட்டை எடுத்துக்காட்டாகக் கூறுவது நெடுங்கால வழக்கம். மாணவர் கண்முன் காணும் பொருளிலிருந்தே பாடம் தொடங்க வேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சியில் நாம் கற்றது. வண்டிமாடு இன்று தெருவில் அருகிவிட்டது. அதனிடத்தில் பிள்ளைகள் காண்பது கடைவாயிலில் தொங்கும் வண்ணப் பறவைக் கூண்டினையே. நம் சமூகத்து இல்லங்கள் சிலவற்றிலும் அக்கூண்டு புகுந்திருத்தலால் இப்பாடம் வேண்டியதாயிற்று.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துப் புளியங்குடியில் வாழும் நாம் தோப்புகளில் பச்சைக்கிளிகளைக் காண்கிறோம். அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வளர்ப்பதும் 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இதனை அறிந்தோர், "அப்படியாயின் வெளிநாட்டுப் பறவையை வாங்குவோம், அதற்குத் தடையில்லையே" என்கின்றனர். சட்டம் விட்ட வழியெல்லாம் விரதமும் விட்ட வழி ஆகுமா?

நம் ஊர்களில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கப்படுவது பெரும்பாலும் பட்ஜரிகர் என்னும் சிறுகிளி. அதன் தாயகம் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாடு. அங்கே மழை பெய்யும் திசை நாடி, ஆயிரக்கணக்கில் கூடி, நெடுந்தொலைவு பறந்து திரியும் உயிர் அது. 1840 இல் ஜான் கூல்டு என்னும் பறவையியலார் அதனை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். அதன்பின் உலகெங்கும் கூண்டுகளில் பெருகிற்று. இரண்டடிக் கூண்டில் அதனை அடைத்தல் கட்டிவைத்தல் அன்றி வேறென்ன? பெரிய கிளிகளுக்குச் சிறகிறகுகளைக் கத்தரிக்கின்றனர். நகம் வெட்டுவது போன்றதே, வலியில்லை என்பார் விற்போர். வலியின்மை உண்மையே எனினும், பறவைக்குப் பறத்தலே போயிற்றென்றால் உறுப்பு இருந்தும் இல்லாததே அன்றோ?

உண்டி மறுத்தல் என்பதில் ஒரு நுட்பம் உண்டு. கிண்ணம் நிறையத் தினையோ சூரியகாந்தி விதையோ இருக்கும். ஆயினும் விதை ஒன்றையே உண்ணும் கிளிக்கு வைட்டமின் ஏ குறைவுபட்டு நோய் வரும். கீரையும் காயும் பழமும் அதற்கு வேண்டும். பாரமேற்றுதலும் பொருந்தவே செய்கிறது. கூண்டினுள் கட்டிவைக்கும் சிறு மண்பானை, அழகுக்கு என்று பலர் எண்ணுகின்றனர். அதுவே பேடையை மீண்டும் மீண்டும் முட்டையிடத் தூண்டி அதன் உடலை உருக்குகிறது. சாம்பல்நிற ஆப்பிரிக்கக் கிளி போன்ற அறிவுமிக்க பறவையோ, துணையின்றித் தனித்திருந்தால் தன் இறகைத் தானே பிடுங்கிக்கொள்ளும். மனமுள்ள ஐம்புலனுயிர் என்று நம் நூல்கள் வகுத்ததன் பொருள் இங்கே கண்கூடாகிறது.

சட்டமும் முன்போல் வாளாவிருக்கவில்லை. சாம்பல்நிறக் கிளியைக் காடுகளில் பிடித்துப் பன்னாட்டு வணிகம் செய்வதற்கு 2016 இல் உலக நாடுகள் கூடித் தடை விதித்தன. செல்லப்பிராணிக் கடைகள் பதிவு பெறவேண்டும் என 2018 ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. 2024 பிப்ரவரியில் வெளியான மத்திய அரசின் விதிகளின்படி, பட்டியலில் உள்ள மக்கா, கொக்கட்டூ முதலிய அயல்நாட்டு உயிரினங்களை வைத்திருப்போர் 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்தல் வேண்டும். பட்ஜரிகருக்கு இக்கட்டாயம் இல்லை. நம் நாட்டுச் சில்லைக்கு வண்ணம் பூசி அயல்நாட்டுப் பறவையென விற்கும் வஞ்சகமும் நடப்பதுண்டு; வாங்குவோர் அறியாமலே குற்றத்திற்கு உடந்தையாவர்.

இனி, ஜீவதயை மிகுதியால் நேரும் பிழை ஒன்று. புண்ணியம் கருதிக் கடையில் பறவைகளை வாங்கித் திறந்து விடுகின்றனர் சிலர். பல தலைமுறை கூண்டிலேயே பிறந்த சிறுகிளிக்கு இரைதேடத் தெரியாது. காகத்திற்கும் பூனைக்கும் வல்லூறுக்கும் இரையாகும். அயல்மண்ணில் பிழைத்துப் பெருகும் இனங்களும் உள. நம் நாட்டுப் பச்சைக்கிளி அவ்வாறே இலண்டன் மாநகரில் ஆயிரக்கணக்கில் பல்கியிருக்கிறது. மேலும், விடுவிப்பதற்கென வாங்கினாலும் கடைக்காரர்க்கு அது விற்பனையே. காலியான கூண்டை அவர் நிரப்பத்தானே செய்வார்? பகவான் நேமிநாதர் மணவிருந்துக்கென அடைக்கப்பட்ட உயிர்களின் கதறலைக் கேட்டபோது, எந்த விருந்தின் பொருட்டு அவை அடைபட்டனவோ அந்தத் திருமணத்தையே துறந்து ஊர்ஜயந்தகிரிக்கு ஏகினார் என்பதை ஈண்டு எண்ணிப் பார்த்தல் தகும்.

ஏற்கெனவே கூண்டு இருக்கும் இல்லத்தார் என் செய்வது? திறந்துவிடாதீர், இறுதிவரை பேணுக. தனிப் பட்ஜரிகராயின், ஒத்த வயதும் பாலும் உடைய, வளர்ப்போர் கைவிட்ட பறவை எங்கேனும் இருந்தால் அதனைத் துணையாக்கலாம். கடையில் வாங்குதல் வேண்டா. மண்பானையை எடுத்துவிடுக. கதவும் சன்னலும் அடைத்து, மின்விசிறியை நிறுத்தி, நாள்தோறும் அறைக்குள் பறக்க விடுக. ஒரே பருமனுள்ள பிளாஸ்டிக் குச்சிகளுக்கு மாற்றாக வேப்பங்கிளைகளை வைத்தால் கால்புண் வராது. அடுக்களையில் கூண்டு கூடவே கூடாது. ஒட்டாத பூச்சுள்ள தோசைக்கல் அளவுமீறிக் காய்ந்தால் எழும் புகை, நம்மை ஒன்றும் செய்யாதபோதும், பறவையைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். பறவை தன் நோயை மறைக்கும் இயல்பினது. இறகை உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் ஒடுங்கியிருந்தால் மறுநாள் பார்ப்போம் என்னாது கால்நடை மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும். தில்லி செங்கோட்டைக்கு எதிரே, திகம்பர ஜைன லால் மந்திரைச் சார்ந்து நடந்துவரும் பறவை மருத்துவமனை போன்றது நம் பக்கத்தில் இல்லையாதலால், பறவை மருத்துவம் அறிந்தவர் எவர் என முன்னதாகவே விசாரித்து வைத்தல் நன்று.

பெரிய கிளிக்கு ஆசைப்படும் பெற்றோர் பேரக்குழந்தைகளின் வயதையும் கணக்கிடுதல் வேண்டும். சாம்பல்நிறக் கிளி நாற்பது, ஐம்பது ஆண்டுகள் வாழும். எழுபதைக் கடந்த நம் போன்றோர் இன்று ஒன்றை வாங்கினால், அதனை எவர் பொறுப்பில் விட்டுச் செல்வது?