கோரைக் கூட்டினால் மெஷ் சுருங்காது

“மெமரி பத்தலையா? கோரைக் கூட்டு.” இப்படிச் சொன்னவர் துறையில் மூத்தவர். அந்த வார்த்தையை நம்பி வாடகைக் கிளஸ்டருக்குக் கட்டிய பணம் இன்னும் உறுத்துகிறது.

சுரண்டையைச் சுற்றியுள்ள காற்றாலைகள் செங்கோட்டைக் கணவாய்க் காற்றை நம்பி நிற்பவை. ஆடிக் காற்றில் அவற்றின் அடித்தளக் கான்கிரீட்டும் கீழே உள்ள மண்ணும் எப்படித் தாங்குகின்றன என்பதே என் கணக்கு. அமெரிக்காவின் இடாஹோ தேசிய ஆய்வகம் 2014-இல் எல்லோருக்கும் திறந்துவிட்ட ‘மூஸ்’ மென்பொருளில் ஓட்டினேன். மாடல், மெட்டீரியல், லோடு எல்லாம் வழக்கம்போலத்தான்.

அடி விழுந்தது மெஷ்ஷில். நாம் மாற்றிச் சொல்லாதவரை, மூஸ் ஒவ்வொரு பிராசஸுக்கும் முழு மெஷ்ஷையும் நகல் எடுத்துக் கொடுத்துவிடும். மேட்ரிக்ஸ் பங்கு பிரியும், மெஷ் பிரியாது. என் மெஷ் 5 ஜி.பி. ஒரு நோடில் 40 பிராசஸ் என்றால் மெஷ்ஷுக்கே 200 ஜி.பி. நோடில் இருந்த ராம் 192 ஜி.பி.தான். இன்னொரு நோடு எடுத்தோம். அங்கேயும் நாற்பது பிராசஸ், அதே 200. ஒரு டைம் ஸ்டெப்கூட நகராமல் ஜாப் செத்தது.

அடுத்து, “மெஷ்ஷைக் குறை” என்றார் அதே மூத்தவர். மறுத்துவிட்டேன். ஆங்கர் போல்ட்டைச் சுற்றி எலிமென்ட்டைப் பெரிதாக்கினால் விரிசல் விடக்கூடிய இடமே கண்ணில் படாது. பிறகு எதற்கு இந்தக் கணக்கு?

வழி, டிஸ்ட்ரிபியூட்டட் மெஷ்: ஒவ்வொரு பிராசஸும் தன் துண்டையும் அதன் ஓரத்தையும் மட்டும் வைத்துக்கொள்ளும். வீரகேரளம்புதூர் வட்டத்தின் மொத்த அடங்கலையும் ஒவ்வொரு வி.ஏ.ஓ.வும் சுமக்க வேண்டியதில்லை. தன் கிராமமும், எல்லையை ஒட்டிய பக்கத்துச் சர்வே எண்களும் போதும். மெஷ்ஷில் அந்த எல்லை ஓரத்துக்குத்தான் கோஸ்ட் எலிமென்ட் என்று பெயர்.

ஆனால் இன்புட் ஃபைலில் மெஷ்ஷை டிஸ்ட்ரிபியூட்டட் ஆக்கும் ஒரு வரியை மாற்றியதோடு நின்றுவிடாதீர்கள். மெஷ் ஒரே எக்ஸோடஸ் ஃபைலாக இருந்தால், முதலில் எல்லாப் பிராசஸும் அதை முழுதாக ஏற்றிக்கொண்டு, பிறகுதான் தனக்கு வேண்டாததைக் கழிக்கும். ஏற்றும்போதே ராம் நிரம்பிவிடும். அதனால் ராம் தாராளமாக உள்ள மெஷினில், ஒன்றிரண்டு பிராசஸை மட்டும் வைத்து, ஸ்ப்ளிட் மெஷ் வசதியால் முன்கூட்டியே துண்டு போட்டுவிடுங்கள். எத்தனை பிராசஸில் ஓட்டப் போகிறீர்களோ அத்தனை துண்டு. ரிசல்ட்டையும் எக்ஸோடஸில் எழுதாதீர்கள். எழுதும் நேரத்தில் முழு மெஷ்ஷும் பூஜ்யம் எண் பிராசஸில் வந்து குவியும். நெமஸிஸ் ஃபார்மட்டில் எழுதினால் அவரவர் துண்டை அவரவர் எழுதிக்கொள்வார்கள்.

திரெட் வைத்தும் நகலைக் குறைக்கலாம். 4 பிராசஸ், தலைக்கு 10 திரெட் என்றால் நான்கே நகல்தான். ஆனால் சால்வர் அந்தத் திரெட்டுகளைப் பயன்படுத்தாது. பெரிய கணக்கில் நேரம் போவதே அங்கேதான். அதனால் எனக்கு அது ஒத்துவரவில்லை.

மெஷ் சில நூறு எம்.பி.தான் என்றால் இதில் எதையும் தொடாதீர்கள். முழு நகலே சுலபம், பெரும்பாலும் வேகமும் அதில்தான். கான்டாக்ட் உள்ள மாடலென்றால், சின்ன மெஷ்ஷில் முழு நகல், டிஸ்ட்ரிபியூட்டட் என இரண்டு விதமாகவும் ஓட்டி விடை ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு நோடு எடுங்கள். கோஸ்ட் எலிமென்ட் பற்றாக்குறை அங்கேதான் முதலில் தெரியும்.