மின்புலமும் மின்னழுத்தமும்: சரிவைப் பார்க்கப் பழகுவோம்

கிளிநொச்சியில் உயர்தர மாணவருக்குப் பௌதிகவியல் படிப்பித்து வருகிறேன். நிலைமின்னியலில் கணக்குச் செய்யத் தெரிந்த பிள்ளைகள்கூட ஓரிடத்தில் தடுமாறுவார்கள். அழுத்தம் கூடிய இடத்தில் புலமும் கூடும், அழுத்தம் பூச்சியமானால் புலமும் பூச்சியம் என்று எண்ணிவிடுவார்கள். அந்த எண்ணத்தை மாற்ற எனக்குக் கைகொடுத்த வழிகள் இவை.

1. குளக்கட்டில் இருந்து தொடங்குங்கள்

E = −dV/dx என்ற சூத்திரத்தை எழுதுமுன் இரணைமடுக் குளக்கட்டை நினைக்கச் சொல்வேன். கட்டின் மேற்பாதை உயரத்தில் இருந்தாலும் மட்டமானது. அங்கே வைத்த பந்து உருளாது. பக்கச் சரிவில் வைத்தால் உருண்டுவிடும். உயரத்தை அழுத்தமாகவும் சரிவைப் புலமாகவும் எடுத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானே விளங்கும். ஒரே உயரமான இடங்களைத் தொடுக்கும் கோடு சமவழுத்தக் கோடு. புலம் அதற்குச் செங்குத்தாக, அழுத்தம் குறையும் பக்கம் நோக்கும். சூத்திரத்திலுள்ள மறைக்குறி சொல்வது இதைத்தான்.

2. இரண்டு பூச்சியங்களையும் பிரித்துக் காட்டுங்கள்

சமனான இரு நேர் ஏற்றங்களின் நடுப்புள்ளியில் புலம் பூச்சியம், அழுத்தம் இருக்கிறது. ஒன்றை மறை ஏற்றமாக்கினால் அதே புள்ளியில் அழுத்தம் பூச்சியம், புலம் இருக்கிறது. ஏற்றம் பெற்ற பொள்ளான கடத்திக் கோளத்தின் உள்ளே புலமே இல்லை. அழுத்தமோ மேற்பரப்பில் உள்ள அதே பெறுமானம். மூன்றையும் பிள்ளைகள் தங்கள் கையால் வரையட்டும்.

3. வரைபை இரு பக்கமும் வாசியுங்கள்

அழுத்தம்–தூர வரைபின் படித்திறனைக் குறிமாற்றினால் புலச்செறிவு கிடைக்கும். புலம்–தூர வரைபின் கீழுள்ள பரப்பளவு அழுத்த வித்தியாசம். மீற்றருக்கு வோல்ற்று என்பதும் கூலோமுக்கு நியூட்டன் என்பதும் ஒரே அலகு. இதை ஒருமுறை நிறுவிக் காட்டினால் விசையும் சரிவும் ஒன்றாய்ச் சேர்வது புரிந்துவிடும்.

4. மின்னல் கணக்கைக் கட்டாயம் செய்யுங்கள்

வன்னியில் மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் இடிமின்னல் அதிகம். அந்த நேரத்தில் வயலில் ஆட்கள் நிற்பார்கள், மாடுகள் மரத்தடியில் ஒதுங்கும். ஆகவே இந்தக் கணக்கு நமக்கு வெறும் பயிற்சியல்ல.

தனிமரம் ஒன்றினூடாக 30,000 அம்பியர் தரைக்குள் இறங்குகிறது என்றும், மண் சீரானது, அதன் தடைத்திறன் 100 ஓம் மீற்றர் என்றும் கொள்வோம். மின்னோட்டம் நிலத்துள் அரைக்கோளமாகப் பரவும். மரத்திலிருந்து 10 மீற்றரில் அழுத்தம் ஏறத்தாழ 47,700 வோல்ற்று. 20 மீற்றரில் அதன் பாதி. படித்திறனோ 10 மீற்றரில் மீற்றருக்கு ஏறத்தாழ 4,800 வோல்ற்று. 20 மீற்றரில் அதன் கால்பங்கு. தூரத்தை இரட்டித்தால் அழுத்தம் பாதியாகிறது, புலம் கால்பங்காகிறது. உறவு முழுவதும் இந்த ஒரு கணக்கில் இருக்கிறது.

அடுத்து, 10 மீற்றரில் மரத்தைப் பார்த்தபடி நிற்கும் மாட்டை எடுங்கள். பின்கால் 1.5 மீற்றர் தள்ளி இருந்தால் கால்களுக்கிடையே ஏறத்தாழ 6,200 வோல்ற்று. மின்னோட்டம் நெஞ்சுப் பகுதியூடாகவே போகும். இடி விழுந்த இடத்தில் மாடுகள் கூட்டமாகச் சாவதற்கு இது ஒரு முக்கிய காரணம். அதே தூரத்தில் கால்களை 30 சென்ரிமீற்றர் அகட்டி நிற்கும் மனிதருக்கு ஏறத்தாழ 1,400 வோல்ற்று. கால்களைச் சேர்த்துக்கொண்டால் வித்தியாசம் மிகச் சிறிதாகிவிடும்.

5. கணக்கின் விடையை வீட்டுக்கு அனுப்புங்கள்

இடி கேட்டால் முதலில் வீட்டுக்குள்ளோ மூடிய வாகனத்துக்குள்ளோ போக வேண்டும். வெளியில் அகப்பட்டுவிட்டால் தனித்த பாலை மரத்தையோ பனையையோ விட்டு விலகி, கால்களைச் சேர்த்துக் குந்தியிருக்க வேண்டும். நிலத்தில் படுக்கக் கூடாது. படுத்தால் தலைக்கும் காலுக்கும் இடையிலான அழுத்த வித்தியாசம் முழுவதும் உடலில் விழும். அறுந்து விழுந்த மின்கம்பியைச் சுற்றிய நிலத்திலும் இதே விதிதான். கிட்டப் போகாமல் மின்விநியோக நிறுவனத்துக்கு அறிவியுங்கள். ஏற்கெனவே கிட்ட நிற்பவர் பாதங்களை நிலத்தில் இருந்து தூக்காமல், சேர்த்தபடி சிறிது சிறிதாக நகர்த்தி விலக வேண்டும்.

காலபோக விதைப்பு மும்முரமாகும் முன்பே இந்தப் பாடத்தை முடித்துவிடுங்கள் என்று சக ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பரீட்சையில் கிடைக்கும் புள்ளிகளைவிட, பிள்ளைகள் அதை வயலில் நிற்கும் தாய் தகப்பனுக்குச் சொல்வது பெரிது.