தேதி தாண்டிய மருந்தைச் சாப்பிடலாமா?

உங்கள் வீட்டு மருந்துப் பெட்டியை ஒரு தரம் கவிழ்த்துப் பாருங்கள். போன வருஷக் காய்ச்சலுக்கு வாங்கியதில் மிச்சம் நாலு மாத்திரை, பாதி குடித்த இருமல் டானிக், எப்போதோ திறந்த கண் சொட்டு மருந்து, பெயர் அழிந்துபோன ஒரு களிம்பு... இதெல்லாம் இல்லாத வீடு அபூர்வம். காசு கொடுத்து வாங்கியதைத் தூக்கிப் போட யாருக்கும் மனசு வராது. எங்கள் கொங்கு நாட்டுக்காரர்களுக்கு அது இன்னும் கஷ்டம்!

"ஏனுங்க டாக்டர், தேதி முடிஞ்சு ரெண்டு மாசந்தானுங்க ஆச்சு. போட்டா ஏதாச்சும் ஆயிருமுங்களா?" பெரியநாயக்கன்பாளையத்தில் என்னிடம் வருகிறவர்கள் மாத்திரை அட்டையை நீட்டி அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கூடவே, "உங்க சித்தா மருந்துக்கு இந்தத் தொந்தரவே இல்லீங்களே" என்று ஒரு பாராட்டும் வரும். அந்தப் பாராட்டு தப்பு. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அந்தத் தேதிக்கு என்ன அர்த்தம்? அட்டையில் மாதமும் வருஷமும் மட்டும் போட்டிருந்தால், அந்த மாதத்தின் கடைசி நாள் வரை என்று கணக்கு. சொன்ன முறைப்படி பாதுகாத்து வைத்தால் அதுவரை மருந்தின் வீரியத்துக்குத் தயாரித்தவர் பொறுப்பு. மறுநாள் காலையில் மாத்திரை விஷமாக மாறிவிடுவதில்லை.

அமெரிக்க ராணுவம் கோடிக்கணக்கில் மருந்து வாங்கிக் குவித்து, தேதி முடிந்ததும் கொட்ட வேண்டியிருந்தது. அதனால் 1986 முதல் அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அவற்றைச் சோதித்துப் பார்த்து வந்தது. 2006-ல் வெளியான கணக்குப்படி, 122 வகை மருந்துகளில் சோதித்த தொகுதிகளில் 88 சதவீதம், தேதிக்கு மேல் குறைந்தது ஒரு வருஷமாவது நன்றாகவே இருந்தன.

"அப்புறம் என்ன, சாப்பிடலாமே!" என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். அவை பிரிக்காத பெட்டிகளில், சூடும் ஈரமும் படாத கிடங்குகளில் இருந்தவை. ஒவ்வொரு தொகுதியையும் தனித்தனியாகச் சோதித்த பிறகுதான் தேதியை நீட்டினார்கள். ஒரே மருந்திலேயே ஒரு தொகுதி தேறியது, இன்னொன்று தேறவில்லை. நம் வீட்டில் மருந்து எங்கே இருக்கிறது? அடுப்புக்கு மேலே இருக்கும் அலமாரியில், பாத்ரூம் கண்ணாடிக்குப் பின்னால், இல்லாவிட்டால் சித்திரை வெயிலில் நிற்கும் காரின் முன்பக்கத்தில். 'குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும்' என்று அட்டையில் போட்டிருப்பதை யார் படிக்கிறோம்? சிமெண்ட் ஷீட் போட்ட வீட்டில் மே மாதம் பரணில் கிடந்த மாத்திரைக்குத் தேதி இருந்தாலும் நம்பிக்கை இல்லை.

விஷமாகவே ஆன கதையும் உண்டு. கெட்டுப்போன டெட்ராசைக்ளின் சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை 1963-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார்கள். அந்த மாத்திரையின் சேர்மானம் பிற்பாடு மாற்றப்பட்டது. இது மாதிரி சம்பவங்கள் ரொம்ப அரிது. எனக்கு உள்ள பயம் வேறு. தேதி தாண்டிய மருந்து பெரும்பாலும் கெடுதல் செய்வதில்லை. வேலை செய்யாமல் போய்விடுகிறது! தலைவலி மாத்திரை வேலை செய்யாவிட்டால் தலைவலி கொஞ்ச நேரம் கூட இருக்கும், அவ்வளவுதான். நெஞ்சுவலி வந்த தாத்தா நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை வேலை செய்யாவிட்டால்?

அந்த நைட்ரோகிளிசரின் மாத்திரை காற்றும் சூடும் பட்டால் வீரியம் இழந்துவிடும். அதை அது வந்த கண்ணாடி பாட்டிலிலேயே இறுக மூடி வைக்க வேண்டும். சட்டைப் பையில் காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டு, "மாத்திரை கையிலேயே இருக்குதுங்க" என்று தைரியமாக இருக்கும் பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்சுலினும் இப்படித்தான். திறந்த பாட்டில் பெரும்பாலும் 4 வாரம்தான், தேதி இன்னும் ஒரு வருஷம் இருந்தாலும் சரி. ஆஸ்துமா இன்ஹேலர், வலிப்பு மாத்திரை, தைராய்டு மாத்திரை, கர்ப்பத்தடை மாத்திரை இவற்றிலெல்லாம் ஒரு நாள்கூடத் தேதி தாண்ட விடாதீர்கள்.

குழந்தைகளின் ஆன்டிபயாட்டிக் சிரப்பில் இன்னொரு சிக்கல். பொடியாக வரும், காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் விட்டுக் குலுக்குவோம். தண்ணீர் சேர்த்த அன்றிலிருந்து வேறு கணக்கு ஆரம்பம். பெரும்பாலான சிரப்புகளுக்கு ஒரு வாரம். மிச்சத்தைப் பத்திரப்படுத்தி மூன்று மாதம் கழித்துத் தம்பிக்கு வந்த சளிக்குக் கொடுப்பது வேண்டவே வேண்டாம். வீரியம் குறைந்த ஆன்டிபயாட்டிக் கிருமியைக் கொல்லாது, அடுத்த தடவை மருந்துக்கே அடங்காமல் இருக்கப் பழக்கிவிடும். கண் சொட்டு மருந்து திறந்து ஒரு மாதம் ஆனால் கொட்டிவிடுங்கள். ஓ.ஆர்.எஸ். கரைசல் 24 மணி நேரம். ஆஸ்பிரின் பாட்டிலைத் திறந்ததும் வினிகர் வாசனை அடித்தால் அது சிதைந்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் எல்லா மருந்தும் இப்படி வாசனை காட்டித் தராது.

இனி எங்கள் மருந்துக்கு வருவோம். 'நாட்டு மருந்துக்குக் காலாவதி கிடையாது' என்பதை யார் கிளப்பிவிட்டார்களோ தெரியாது. சித்த மருத்துவப் பாடத்தில் ஒவ்வொரு மருந்து வகைக்கும் ஆயுள் சொல்லியிருக்கிறது. சாறு, குடிநீர், கற்கம் இவற்றுக்கு ஒரு சாமம், அதாவது 3 மணி நேரம். சூரணத்துக்கு 3 மாதம். மணப்பாகு, நெய், இளகம் 6 மாதம். எண்ணெயும் மாத்திரையும் ஒரு வருஷம். மெழுகு 5 வருஷம். செந்தூரம் 75, பற்பம் 100 வருஷம் என்று போகிறது. இலையும் வேரும் சீக்கிரம் கெடும். உலோகத்தையும் பாஷாணத்தையும் முறையாகப் புடம் போட்டால் நாள்பட நிற்கும். இதுதான் அந்த வரிசையின் தத்துவம்.

இந்த 3 மணி நேரக் கணக்கை வீடுகளில் யாருமே மதிப்பதில்லை! டெங்கு சீசன் வந்தால் காலை 6 மணிக்கு ஒரு பெரிய பாத்திரம் நிறைய நிலவேம்புக் குடிநீர் காய்ச்சி, பிளாஸ்கில் ஊற்றி, ராத்திரி வரைக்கும் குடிக்கிறார்கள். சிலர் பிரிட்ஜில் வைத்து மறுநாளும் கொடுக்கிறார்கள். ஒரு வேளைக்குத் தேவையானதை மட்டும் காய்ச்சுங்கள் அம்மிணி, வேலை கொஞ்சம் கூடத்தான். அதேபோல சூரணம். திரிகடுகுப் பொடியைத் திறந்ததும் மூக்கில் காரம் ஏற வேண்டும். ஏறாவிட்டால் அதில் இருந்த எண்ணெய்ச் சத்து ஆவியாகிப் போய்விட்டது. ஈரக் கரண்டி போட்டால் பூசணமும் பிடிக்கும். சமையலறை அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் மூன்று மாதம்கூடத் தாங்காது.

கடையில் வாங்கும் சித்தா, ஆயுர்வேத மருந்துகளின் லேபிளிலும் காலாவதி தேதி போட வேண்டும் என்று அரசு விதி இருக்கிறது. தொழிற்சாலையில் காற்றுப் புகாமல் அடைப்பதால் அந்தக் கெடு ஏட்டுக் கணக்கைவிட நீளமாக இருக்கும். நீங்கள் மூடியைத் திறந்த பிறகு அந்த நீளம் பொருந்தாது. தேதியே இல்லாத பொட்டலத்தை வாங்காதீர்கள்.

பற்பத்துக்கு 100 வருஷம் என்று கேள்விப்பட்டதும் சிலருக்கு ஆசை வருகிறது. "எங்க அப்புச்சி வைத்தியரா இருந்தாருங்க" என்று ஒருவர் மரப்பெட்டியோடு வந்தார். உள்ளே காகிதத்தில் மடித்த சிவப்புப் பொடி, பெயர் இல்லை. செந்தூரமாக இருக்கலாம், சரியாகச் சுத்தி செய்யாத ரசமோ பாஷாணமோ கலந்ததாகவும் இருக்கலாம். பெயர் தெரியாத மருந்துக்கு ஆயுள் கணக்கே கிடையாது. நினைவாகப் பூட்டி வைத்துக்கொள்ளச் சொன்னேன். சாப்பிட அனுமதிக்கவில்லை.

கடைக்காரர் தேதி முடிந்ததை விற்பது சட்டப்படி குற்றம். ஆனால் தேதியையே மாற்றிவிட்டால்? 2010 மார்ச்சில் சென்னையில் அப்படி ஒரு கும்பல் பிடிபட்டது. அழிப்பதற்காகக் கொடுங்கையூர் குப்பைக் கிடங்குக்குப் போன காலாவதி மருந்துகளைப் பொறுக்கி எடுத்து, பழைய தேதியை அழித்து, புதுத் தேதி அச்சடித்துக் கடைகளுக்கு அனுப்பியிருந்தார்கள். தமிழ்நாடு முழுக்க மருந்துக் கடைகளில் சோதனை நடந்தது. ஆகவே தேதி மேல் சுரண்டின தடம், ஒட்டின லேபிள், பெட்டியில் ஒரு பேட்ச் நம்பரும் அட்டையில் வேறு நம்பரும் இருந்தால் வாங்காதீர்கள். பில் கேட்டு வாங்குங்கள். பேட்ச் நம்பர் பில்லிலும் இருக்க வேண்டும். 2023 ஆகஸ்ட் முதல் அதிகம் விற்கும் 300 மருந்துகளுக்குக் கியூ.ஆர். கோடு கட்டாயம். செல்போனில் பார்த்தால் தேதி தெரியும். அட்டையை வெட்டித் தரும்போது தேதி உள்ள பக்கம் கடைக்காரரிடமே நின்றுவிடும். அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

குப்பையில் போடும்போதும் கொடுங்கையூரை நினைத்துக்கொள்ளுங்கள். முழு அட்டையை அப்படியே வீசாதீர்கள். மாத்திரைகளைப் பிரித்து, காப்பித்தூள் சக்கையிலோ மண்ணிலோ கலந்து, கவரில் கட்டிப் போடுங்கள். லேபிளைக் கிழித்துவிடுங்கள். மார்பின், டிரமடால், டயசிபாம் உட்பட 17 மருந்துகளை மட்டும் கழிப்பறையில் ஊற்றி அழிக்க வேண்டும் என்று 2025-ல் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பட்டியல் கொடுத்திருக்கிறது. வீட்டில் வேறு யாராவது எடுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து என்பதுதான் காரணம். மற்றவற்றைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். பக்கத்துக் கேரளத்தில் கோழிக்கோட்டில் 2025-ல் வீட்டு மருந்துகளைத் திரும்பப் பெற்று அழிக்கும் திட்டம் ஆரம்பித்தார்கள். கோவைக்கும் அப்படி ஒன்று வந்தால் நல்லது.

தெரியாமல் சாப்பிட்டுவிட்டால்? ரெண்டு மாசம் தாண்டிய ஒரு பாராசிட்டமாலுக்காகப் பதற வேண்டியதில்லை. வாந்தி எடுக்க முயல வேண்டாம். மீதியைச் சாப்பிடாமல் நிறுத்துங்கள். இருதயம், சர்க்கரை, வலிப்பு இவற்றுக்கான மருந்து என்றாலோ, சாப்பிட்டது குழந்தை அல்லது கர்ப்பிணி என்றாலோ, அந்த அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு அன்றே டாக்டரிடம் போய்விடுங்கள். நெஞ்சுவலிக்குத் தேதி போன மாத்திரையை வைத்துவிட்டு, குறைகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள்.