புது வேலையா? முதல் சில மாதங்களுக்கு

கல்லூரியில் முதல் மதிப்பெண் வாங்கியவருக்கும், ஓ.எம்.ஆர். அலுவலகம் ஒன்றில் சேர்ந்த இரண்டாம் வாரமே ‘எனக்கு ஒன்றும் தெரியாது, தவறிப்போய் எடுத்துவிட்டார்கள்’ என்று தோன்றலாம். சாதித்த பெண்களிடமே இந்த எண்ணம் இருப்பதை 1978-இல் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் எழுதினார்கள். ஆண்களுக்கும் வரும், வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

சந்தேகத்தை இப்போதே கேட்டுவிடுங்கள். புதியவர் கேட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. ஆறு மாதம் கழித்துக் கேட்பதுதான் சங்கடம். கற்றதை நோட்டில் தேதி போட்டுக் குறித்து, வெள்ளிக்கிழமை மாலை புரட்டுங்கள். திங்கட்கிழமை தெரியாதிருந்த எத்தனையோ இப்போது தெரிந்திருக்கும். மேலாளரின் பாராட்டுக்குக் காத்திருப்பதைவிட இது நிச்சயம்.

பதற்றத்தில் முதலில் விட்டுப்போவது காலைச் சாப்பாடு. இட்லிக்கு நேரமில்லை என்றால் பையில் இரண்டு வாழைப்பழம், கொஞ்சம் வறுகடலை. அடுத்தது தூக்கம். குடித்த காபியின் கஃபீனில் ஏறக்குறைய பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். ஆகவே மாலை ஐந்து மணிக் காபி வேண்டாம். ஆனால் டீ இடைவேளைக்குப் போங்கள். சிநேகிதம் உருவாவது அங்கேதான், கையில் மோர் இருந்தாலும் போதும். ஜிம்முக்குப் பணம் கட்டுவதைப் பிறகு பார்க்கலாம். ஒரு ஸ்டாப் முன்னதாக இறங்கி வேகமாக நடந்தால், உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சிக் கணக்கில் அதுவும் சேரும்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்றால் தள்ளிப்போடாதீர்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416. கட்டணமில்லை, இரவிலும் தமிழில் பேசலாம்.