வரிக்குதிரையின் வரிகளை எண்ணுவோம்

கொடைக்கானலிலிருந்து பூம்பாறைக்குப் போகும் சாலையில், ஊரை நெருங்குமுன் நின்று கீழே பாருங்கள். பூண்டும் உருளைக்கிழங்கும் காரட்டும் விளையும் அடுக்கு வயல்கள் வரிவரியாகத் தெரியும். எல்லா வரிகளும் ஒரே அகலம் அல்ல. ஏன்? ஒரு படியின் உயரம் 1 மீட்டர் என்று கொள்வோம். 4 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் சரிவில் வயலின் அகலம் 4 மீட்டர். 2 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் சரிவிலோ 2 மீட்டர்தான். விதி ஒன்றே, இடம் மாறினால் வரி மாறுகிறது.

இதை நினைவில் வைத்துக்கொண்டு ஆப்பிரிக்காவுக்குப் போவோம். வரிக்குதிரையில் மூன்று இனங்கள் உண்டு. சமவெளி வரிக்குதிரைக்கு அகன்ற வரிகள். எண்ணினால் 25 முதல் 30 வரை இருக்கும். மலை வரிக்குதிரைக்கு அதைவிட அதிகம். கிரேவி வரிக்குதிரைக்கு நெருக்கமான மெல்லிய வரிகள், ஏறத்தாழ 80. மூன்று இனங்களுக்கும் மூன்று விதிகள் வேண்டுமா?

வேண்டாம் என்றார் ஜொனாதன் பார்ட் என்னும் உயிரியல் அறிஞர். 1977-இல் அவர் வெளியிட்ட கருத்து இது: தாயின் வயிற்றில் வரிகள் உருவாகும்போது எல்லா இனங்களிலும் வரிக்கு வரி இடைவெளி ஏறத்தாழ 0.4 மி.மீ.தான், உருவாகும் காலம் மட்டுமே வேறு. மூன்றாம் வாரத்தில் கருவின் நீளம் சுமார் 11 மி.மீ. இதை 0.4-ஆல் வகுத்துப் பாருங்கள். 27 அல்லது 28 வரிகள். இது சமவெளி வரிக்குதிரை. ஐந்தாம் வாரத்தில் நீளம் சுமார் 32 மி.மீ.; வகுத்தால் 80. இது கிரேவி! பின்னர் உடல் வளர, வரிகளும் சேர்ந்து விரிகின்றன. இது கருவை நேரில் பார்த்துக் கண்டதன்று. வளர்ந்த விலங்கிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டது.

சரி, இடைவெளியை வரையறுப்பது எது? கணித மேதை ஆலன் டூரிங் 1952-இல் ஒரு வழி காட்டினார். இரு பொருள்கள் ஒன்றோடொன்று வினைபுரிந்தபடி திசுவில் பரவுகின்றன. ஒன்று நிறத்தைத் தூண்டும், மற்றது தடுக்கும். தடுக்கும் பொருள் வேகமாகப் பரவினால், தூண்டல் ஓரிடத்தில் ஓங்கும்போது அதன் இருபுறமும் அடங்கிவிடும். சற்றுத் தள்ளி மீண்டும் ஓங்கும். இவ்வாறு வரிகள் பிறக்கலாம். பொருள்கள் பரவும் வேகமும் வினைவேகமுமே இடைவெளியை முடிவு செய்கின்றன.

தொடக்கத்தில் உள்ள சிறுசிறு ஏற்றத்தாழ்வுகள் கருவுக்குக் கரு வேறுபடும். எனவே விதி ஒன்றானாலும் இரு விலங்குகளின் வரிகள் ஒன்றுபோல் அமைவதில்லை. நம் நாட்டுப் புலிக்கும் இது பொருந்தும். ஒரே புலியின் இடப்பக்க வரிகள்கூட வலப்பக்கம் போல் இரா.

இதனால் என்ன பயன் என்கிறீர்களா? முன்பு காலடித் தடங்களைக் கொண்டே புலிகளைக் கணக்கிட்டார்கள். ஒரே புலியை இருமுறை எண்ண இடமுண்டு. 2005-இல் ராஜஸ்தானின் சரிஸ்கா காப்பகத்தில் ஒரு புலிகூட மீதியில்லை என்ற செய்தி நாட்டையே திடுக்கிட வைத்தது. அறிவியலாளர் உல்லாஸ் கரந்த் 1990-களிலேயே நாகரஹொளே காட்டில் தானியங்கிக் காமிராக்களைப் பாதையின் இருபுறமும் வைத்து, வரிகளால் புலிகளை அடையாளம் கண்டார். இன்று நாடு தழுவிய கணக்கெடுப்பில் இம்முறை இடம்பெறுகிறது. கைரேகையைப் போல வரியும் சாட்சி சொல்கிறது!

மாணவர்களே, ஒரு கணக்கு: கரு 20 மி.மீ. நீளமுள்ளபோது வரிகள் தோன்றும் ஒரு கற்பனை இனத்துக்கு எத்தனை வரிகள் இருக்கும்?