பதிவுக் குரலைத் தாண்டி ஆளிடம் பேச…

கேள்வி: தொலைபேசி நிறுவனத்தை அழைத்தால் ‘ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்’ என்றே சுற்றவிடுகிறார்கள். ஆளிடம் முறையிட வழி உண்டா?

பதில்: தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012ஆம் ஆண்டு விதிகளின்படி, குரல் மெனுவின் முதல் அடுக்கில் மொழித் தேர்வு, அடுத்ததில் புகார், சேவைப் பிரிவுகள், மூன்றாவதில் ஊழியரிடம் பேசும் வாய்ப்பு இருந்தாக வேண்டும். பல சமயம் அந்த வாய்ப்பு விளம்பரங்களுக்குப் பின்னால் ஒளிந்துகிடப்பது பெரும் அநியாயம். வயதானவர்கள் சலித்துப்போய் பாதியிலேயே போனை வைத்துவிடுகிறார்கள். ஊழியர் கிடைத்ததும் மறக்காமல் கேட்டு வாங்க வேண்டியது புகார் எண். புகார் பதிவானதற்கு அதுவே சான்று. தீர்வு திருப்தி தராவிட்டால், 30 நாட்களுக்குள் அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்பிடம் கட்டணமின்றி முறையிடலாம். நுகர்வோர் ஆணையத்தையும் நாடலாம். அந்த உரிமையை 2022இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.